இந்தப் படம் போலியா என்று எப்படி உறுதிசெய்வது?

கேள்வி:
எங்கள் ஊர் ஏரிக்கரை மரங்களை வெட்டிவிட்டதாகக் காட்டும் படம் ஒன்று வாட்ஸாப்பில் சுற்றிவருகிறது. படத்தை மறுபடி சுருக்கும்போது எந்தப் பகுதி எவ்வளவு மாறுகிறது என்ற பிழையளவைக் கணித்து, ஒட்டுவேலையைத் தேட உதவும் இணையக் கருவியில் அதை ஏற்றினேன். கிளைகளின் ஓரங்கள் மட்டும் வெள்ளையாக மின்னுகின்றன. இதை வைத்தே போலி என்று சொல்லிவிடலாமா?

மறுமொழி 1:
சொல்ல முடியாது. படங்களைச் சேமிக்கும் ஜேபெக் (JPEG) முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், நுணுக்கம் மிகுந்த ஓரங்கள் ஒட்டுவேலை இல்லாத படத்திலும் மின்னத்தான் செய்யும். வாட்ஸாப்பும் படத்தை மறுபடி சுருக்கி, எடுத்த நேரம், கேமரா போன்ற உட்குறிப்புகளை நீக்கிவிடும். எடுத்தவரிடமே மூலக்கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி 2:
நான் கருவியைவிடக் கண்ணையே நம்புவேன். 2008 ஜூலையில் ஈரான் வெளியிட்ட படத்தில் நான்கு ஏவுகணைகள் பாய்ந்தன; ஆனால் அவற்றின் புகையும் அடியில் எழுந்த புழுதியும் சில இடங்களில் சுருளுக்குச் சுருள் ஒன்றாகவே இருந்ததால் குட்டு உடைந்தது. மூலப்படத்தில் மேலே எழுந்தவை மூன்றே. உங்கள் படத்திலும் ஒரே அடிமரம் அதே வெட்டுத்தழும்போடு இரண்டு இடத்தில் நிற்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

மறுமொழி 3:
அது நகல் ஒட்டிய படங்களுக்குப் பொருந்தும். செயற்கை நுண்ணறிவு உருவாக்கியதற்குப் போதாது. 2023 மார்ச்சில் பரவிய, போப் பிரான்சிஸ் வெள்ளை மேலங்கி அணிந்ததாக மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி உருவாக்கிய படத்தில், மூக்குக்கண்ணாடியின் விளிம்பு தன் நிழலோடு கரைந்திருந்தது. நிழல் நுனியையும் அதற்குரிய பொருளின் நுனியையும் இணைத்துக் கோடுகள் வரையுங்கள். வெயிலில் எடுத்த படமானால், நீட்டும்போது அவை ஒரே புள்ளியில் கூடும், அல்லது இணையாகச் செல்லும்.

கேட்டவர்:
வரைந்து பார்த்தேன். வலப்பக்க அடிமரத்தின் கோடு மட்டும் மற்றவற்றோடு கூடவில்லை. மூலக்கோப்பைக் கேட்டிருக்கிறேன்.