போகித் தீக்கும் ஏவுகணைத் தீக்கும் வித்தியாசம் தெரியுமா?

திருவொற்றியூர் மொட்டைமாடி:
ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் வானம் தெளிவாக இருக்கும் நாளில் எங்கள் மாடியிலிருந்தே அந்த நெருப்பு தெரியும். அதே நெருப்பை மேலேயிருந்து பார்த்து, "ஏவுகணை கிளம்பிவிட்டது" என்று சொல்லும் செயற்கைக்கோள் நமக்கு ஏன் வேண்டாம்? அமெரிக்கா 1970-லேயே டிஎஸ்பி என்ற இப்படிப்பட்ட செயற்கைக்கோள் வரிசையைத் தொடங்கிவிட்டது. பிரான்ஸ்கூட 2009-ல் ஸ்பிரால் என்று, ஒவ்வொன்றும் சுமார் 120 கிலோ எடையில், இரண்டு குட்டிக் கோள்களை அனுப்பிச் சோதித்தது. நாமும் ஒரு ஜோடி அனுப்பலாமே?

வில்லிவாக்கத்தான்:
அனுப்பி? பாகிஸ்தானிலிருந்து டெல்லிக்கு ஏவுகணை வர பத்து நிமிடம்கூட ஆகாது. 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் கோள் அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து கிளம்பியதாகக் காட்டியது. உயரத்து மேகத்தில் பட்ட வெயில், அவ்வளவுதான். பணியிலிருந்த பெத்ரோவ் என்ற அதிகாரி அதை நம்பவில்லை, தப்பித்தோம். அவருக்காவது யோசிக்க அரை மணி நேரக் கணக்கு இருந்தது. நம்மூரில் போகி அன்று விடியற்காலையில் தெருவுக்குத் தெரு எரிகிறது. கோள் என்ன நினைக்கும்?

கிண்டி பழைய மாணவி:
சார், போகி உதாரணம் நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. இந்தக் கோள்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில், 2.7 மைக்ரான் அலைநீளத்தின் பக்கம் பார்க்கின்றன. ராக்கெட் புகையில் இருக்கும் சூடான நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அங்கே பளிச்சென்று ஒளிரும். கீழ்க்காற்றில் இருக்கும் அதே நீராவி அந்த ஒளியை விழுங்கிவிடும். அதனால் தரையில் எரியும் பழைய பாய் மேலே தெரியாது. ஏவுகணை அடர்ந்த காற்றைத் தாண்டி ஏறியதும் தெரியும்.

நீங்கள் சொன்ன வெயில் பட்ட மேகம்தான் உண்மையான தலைவலி, அது உயரத்திலேயே இருப்பதால். அதற்குத்தான் சோதனைக் கோள். ஸ்பிரால் எந்த எச்சரிக்கை மணியோடும் இணைக்கப்படவில்லை. ஏவுகணை எதுவும் இல்லாதபோது பூமி அகச்சிவப்பில் எப்படி இருக்கிறது என்று 2011 வரை படம் எடுத்துச் சேர்த்தது. வெறும் வீட்டின் சத்தம் பழகினால்தான் திருடன் சத்தம் பிரியும். நம் பருவமழை மேகங்களை பிரான்ஸா நமக்காகப் படம் பிடித்துத் தரும்?

திருவொற்றியூர் மொட்டைமாடி:
அப்படிப் போடுங்க!

வில்லிவாக்கத்தான்:
சரி, போகியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் :) ஆனால் அந்த பிரான்ஸ் 15 வருடம் தாண்டியும் முழு அமைப்பை உருவாக்கவில்லையே, ஏன்? செலவு. ஏவுகணையைத் தொலைவிலேயே கண்டுபிடிக்க நமக்கு ஸ்வார்ட்ஃபிஷ் ரேடார் இருக்கிறது, கடலில் ஏவுகணையைக் கண்காணிக்கும் கப்பல் ஐஎன்எஸ் துருவ் இருக்கிறது. எதிரி பக்கத்திலேயே இருக்கும்போது அவை போதாதா?

கிண்டி பழைய மாணவி:
ரேடார் பூமியின் வளைவுக்கு அந்தப் பக்கம் பார்க்காது. தொலைவிலிருந்து ஏவினால், எரிந்து முடித்து மேலே வந்த பிறகுதான் அதற்குத் தெரியும். 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நம் இன்சாட் வானிலைக் கோள்கள் நிற்கும் அதே வளையத்தில் ஒன்று இருந்தால், மேற்கு எல்லையும் வடக்கு எல்லையும் ஒரே பார்வையில் வரும். இப்படி முன்கூட்டியே தெரிவதால் மிஞ்சும் ஓரிரு நிமிடம் டெல்லிக்குப் பெரிதில்லை என்றே வைத்துக்கொள்வோம். சென்னை தூரத்தில் இருக்கிறது, நமக்குப் பெரிது.

வில்லிவாக்கத்தான்:
அந்த ஓரிரு நிமிடத்தில் வில்லிவாக்கம் சுரங்கப்பாதையைக்கூடத் தாண்ட முடியாது அம்மா.

கிண்டி பழைய மாணவி:
நீங்கள் ஓடுவதற்கு இல்லை சார். இடைமறிக்கும் ஏவுகணையின் ரேடார் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்வதற்கு.