ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறது

ஈஸ்ட்ஹாம் அக்கா: எங்கள் எலெக்ட்ரிக் ஷவரில் தண்ணீர் நூல் மாதிரித்தான் வருகிறது. இவர் புதிதாக 10.5 கிலோவாட் ஷவர் வாங்குவோம் என்று நிற்கிறார். மாமா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

குரொய்டன் மாமா: பொறு பிள்ளை, காசைக் கொட்டாதே. வருகிற தண்ணீர் சுடுகிறதா?

ஈஸ்ட்ஹாம் அக்கா: நல்லாகச் சுடுகிறது. இடையில் சட்டென்று பச்சைத் தண்ணீர் ஆகி, திரும்பவும் சுடுகிறது.

குரொய்டன் மாமா: அப்போ ஹீட்டரில் பிழை இல்லை. தண்ணீர் வெளியேற வழி குறைந்தால் உள்ளே சூடு மிஞ்சும். அப்போது கட்-அவுட் என்கிற பாதுகாப்பு ஸ்விட்ச் ஹீட்டரை நிறுத்தி நிறுத்தி விடும். தண்ணீர் கொட்டுகிற ஷவர் ஹெட்டைக் கழற்றிவிட்டு, சூடு போடாமல் வெறும் ஹோஸோடு திறந்து பார்.

கிளாஸ்கோ தம்பி: இங்கே என் ஷவரில் ஒரு பொட்டு வெள்ளைச் சுண்ணாம்புகூட இல்லை 😎

குரொய்டன் மாமா: உனக்கு வருவது சுண்ணாம்பு குறைந்த லொக் கட்ரின் ஏரித் தண்ணீர், ராசா. லண்டனுக்கு வருவது சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருகிற தண்ணீர். சூடாகிற இடத்தில் படிந்துவிடும்.

அம்மம்மா: எங்கட யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணியும் அப்படித்தானே. கேத்தலில் வெள்ளையாய்ப் பிடிக்கும். தேசிக்காய்ப்புளி விட்டுக் கொதிக்க வைத்தால் கழன்றுவிடும்.

ஈஸ்ட்ஹாம் அக்கா: 📷 ஹோஸில் நல்லாக வருகிறது மாமா! ஹெட்டைப் பாருங்கோ, பாதி ஓட்டை அடைத்துக் கிடக்கிறது.

குரொய்டன் மாமா: பார்த்தாயா. பாதி வெள்ளை வினாகிரி, பாதி தண்ணீர் கலந்து ஊற வை. குரோம் பூச்சு என்றால் அரை மணிக்கு மேல் வேண்டாம். ரப்பர் ஓட்டைகளை விரலால் தேய்த்தாலே உதிரும்.

அத்தான்: இருந்தாலும் மாமா, 10.5 போட்டால் இன்னும் வேகமாக வரும்தானே?

குரொய்டன் மாமா: மருமகன், குளிர்காலத்தில் தண்ணீர் 5 பாகையில் உள்ளே வருகிறது என்று வையுங்கோ. அதை 40க்கு ஏற்றினால் இப்போது இருக்கிற 9.5 கிலோவாட் ஷவர் நிமிடத்துக்கு 4 லீற்றர்தான் தரும். 10.5 போட்டால் 4.3. அவ்வளவுதான் லாபம். கோடையில் தண்ணீர் 18 பாகையில் வந்தால் இதே 9.5 ஷவர் 6 லீற்றருக்கு மேல் தரும். அதோடு கேபிளும் பிரேக்கரும் 10.5ஐத் தாங்குமா என்று எலெக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்.

அத்தான்: சரி சரி. ஷவரின் ஹீட்டர் பெட்டியைத் திறந்து உள்ளே துப்புரவாக்கவா?

குரொய்டன் மாமா: வேண்டாம்! கூரையில் தொங்குகிற ஸ்விட்ச் கயிற்றை இழுத்து நிறுத்தினால் மட்டும் போதாது, பிரேக்கரையும் இறக்க வேண்டும். தண்ணீர் உள்ளே வருகிற இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும், அதிலும் மண் அடைக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பார்க்கிறேன். ஒன்று, பெட்டிக்கு அடியால் தண்ணீர் சொட்டினால் ஷவரைப் போடவே வேண்டாம். அடைப்பால் அழுத்தம் கூடிப் பாதுகாப்பு வால்வு விட்டிருக்கும்.

ஈஸ்ட்ஹாம் அக்கா: சொட்டு ஒன்றும் இல்லை மாமா.

(மாலை)

ஈஸ்ட்ஹாம் அக்கா: ஹெட்டைப் பூட்டியாயிற்று. நல்லாக வருகிறது, இடையில் குளிரவும் இல்லை. மகள் உள்ளே போனவள் இன்னும் வெளியே வரவில்லை 😂 வீடு முழுக்க அச்சாறு மணம்.

குரொய்டன் மாமா: குளித்து முடித்ததும் சூட்டை நிறுத்திக் கொஞ்ச நேரம் பச்சைத் தண்ணீர் ஓட விடச் சொல்லு. உள்ளே சுடுதண்ணீர் நின்றால் சுண்ணாம்பு கூடப் படியும். ஞாயிறு என்ன சமையல்?

ஈஸ்ட்ஹாம் அக்கா: ஒடியல் கூழ்.

கிளாஸ்கோ தம்பி: இதெல்லாம் நியாயமே இல்லை.