எங்கள் ஊருக்கு மாஸ்டர் பிளான் வருகிறது: முன்னுரிமை எங்கே தீர்மானமாகிறது?

கேள்வி: திருவள்ளூர் வார்டு உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டபோது எங்கள் ஊரும் அதற்குள் வந்துவிட்டது. அடுத்து வரும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளானில்) எங்கள் நிலங்களுக்கும் வகைப்பாடு வரும் என்பதால் ஊரில் இப்போது இதைப் பற்றித்தான் பேச்சு.

ஊருக்குள் ஒருமித்த கருத்து இல்லை. குடியிருப்பு மண்டலமானால் விலை ஏறும் என்று பட்டாதாரர்கள் பலர் காத்திருக்கிறார்கள். ஏரிப் பாசனத்தில் நெல் வைப்பவர்கள் விவசாய மண்டலமாகவே இருக்கட்டும் என்கிறார்கள். என் கவலை எங்கள் ஏரியின் கலங்கலிலிருந்து (உபரி நீர் வெளியேறும் இடம்) அடுத்த ஏரிக்குப் போகும் போக்குக்கால்வாயைப் பற்றியது. வருவாய்ப் பதிவில் அது குறுகலான புறம்போக்கு. ஆனால் மழை பெருத்த ஆண்டுகளில் தண்ணீர் அந்த அகலத்துக்குள் அடங்காமல் இருபுறப் பட்டா நிலங்களிலும் பரவித்தான் ஓடும். அந்தப் பட்டா நிலங்களில் இப்போது மனை விற்பனைக்காகக் கல் நட்டு, வளைவு கட்டி, கொடி பறக்கவிட்டிருக்கிறார்கள்.

எந்த நிலத்தில் வீடு, எதில் வயல், எதில் தண்ணீர் என்ற முன்னுரிமையை யார், எந்தக் கட்டத்தில் முடிவு செய்கிறார்கள்? கிராம சபைத் தீர்மானத்துக்கு இதில் மதிப்பு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற நகரமைப்பு அலுவலர்

அம்மா, சட்டத்தில் உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவுத் திட்டம் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிக்கப்பட்ட பிறகு, ஆட்சேபணைக்கும் கருத்துக்கும் இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். அதன் பின்னர், துறை அமைச்சரைத் தலைவராகக் கொண்ட சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் திட்டத்தை இறுதி செய்து அனுப்ப, அரசு ஒப்புதல் அளிக்கும். கிராம சபைத் தீர்மானம் குழுமத்தைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அது கோப்பில் ஏறும் ஆவணம், பிற்பாடு நீதிமன்றம் வரை சென்றாலும் உடன் வரும் ஆவணம் என்பதால் அவசியம் நிறைவேற்றுங்கள்.

முன்னுரிமையோ வரைவு வெளியாவதற்கு வெகு முன்பே, அடிப்படை வரைபடம் தயாராகும் கட்டத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. முதலில் இன்றைய நிலப்பயன்பாட்டைக் கணக்கெடுப்பார்கள். பிறகு இலக்கு ஆண்டின் மக்கள்தொகையை மதிப்பிட்டு, அதற்கு எவ்வளவு குடியிருப்பு நிலம் தேவை என்று கணக்கிட்டு, அந்தப் பரப்பைப் பெரும்பாலும் சாலையையும் ரயில் நிலையத்தையும் ஒட்டிப் பொருத்துவார்கள். உங்கள் போக்குக்கால்வாய் கிராம வரைபடத்தில் எந்த அகலத்தில் கோடாக இருக்கிறதோ அந்த அகலத்திலேயே மண்டல வரைபடத்திலும் ஏறும். வெள்ளக் காலத்தில் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் அகலம் அந்த வரைபடத்தில் கிடையாது, யாராவது எடுத்துக்காட்டினால் ஒழிய. வரைவு வந்தபின் ஒரு புல எண்ணின் (சர்வே நம்பரின்) வகைப்பாட்டை மாற்றச் சொன்னால், அதற்கு ஈடாக எங்கே குடியிருப்பு நிலம் காட்டுவது என்ற கேள்வி அலுவலகத்தில் எழும். அதனால் இரண்டு மாத அவகாசத்துக்காகக் காத்திராமல் இப்போதே எழுதுங்கள்.

'எங்கள் ஏரியைக் காப்பாற்றுங்கள்' என்று பொதுவாக எழுதும் மனுவுக்கு, 'கனிவுடன் பரிசீலிக்கப்படும்' என்ற பொதுவான பதிலே வரும். கால்வாய் ஓடும் ஒவ்வொரு புல எண்ணையும் குறிப்பிட்டு, புலப்படமும் (அந்த நிலத்தின் அளவை வரைபடம்) அ-பதிவேட்டு (ஊரின் நில விவரங்கள் உள்ள வருவாய்ப் பதிவேடு) நகலும் இணைத்து, 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதைத் தேதியிட்ட படங்களுடன் காட்டுங்கள். இன்னொன்று மிக முக்கியம். நீர்வளத் துறையில் ஏரி மெமாயர் என்று சொல்லும் பழைய பதிவேடு இருக்கும். ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் பரப்பு), முழு நீர்மட்டம், கலங்கலின் நீளம், அதன் வழியே வெளியேறக்கூடிய உபரி நீரின் அளவு எல்லாம் அதில் உண்டு. கலங்கல் வழியே எவ்வளவு தண்ணீர் வரும் என்பது தெரிந்தால், அதைச் சுமந்து செல்லக் கால்வாய்க்கு எவ்வளவு அகலம் தேவை என்பதைப் பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுத் தந்துவிடுவார். துறையின் சொந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்த எண்ணை எந்த அலுவலரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பதில் 2: சோழிங்கநல்லூர் குடியிருப்போர்

மேலே ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முழுமைத் திட்டம் ஒப்புதல் பெற்றுவிட்டால் அடுத்த இருபது ஆண்டுக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். அதே சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி ஒப்புதலான திட்டத்தை மாற்றலாம். விவசாய மண்டலத்தில் உள்ள ஒரு புல எண்ணைக் குடியிருப்பாகவோ நிறுவன உபயோகமாகவோ மாற்றும் நிலவகைப்பாட்டு மாற்றம் இதன் வழியாகத்தான் நடக்கிறது. அதற்கான அறிவிப்பு நாளிதழில் டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே நான்கு விரல் அகலத்தில் வரும். கிராமப் பெயர், புல எண், பரப்பு, எந்த மண்டலத்திலிருந்து எந்த மண்டலத்துக்கு என்பவை மட்டுமே அதில் இருக்கும். ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு அது கண்ணில் படும்? ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் ஒன்றிரண்டு ஏக்கர்தான். அவை ஒன்றாகச் சேர்ந்து ஒரு வடிகால் பகுதியின் தன்மையையே மாற்றிவிடுகின்றன என்பதை எந்தத் தனிக் கோப்பும் காட்டாது.

எங்கள் பகுதியைப் பாருங்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் குப்பைக் கிடங்கும் சாலைகளும் அரசு நிறுவனங்களும் ஒவ்வொன்றாக இடம் பிடித்தன. மிஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-இல்தான் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தரமணியில் 2000-இல் டைடல் பார்க் திறக்கப்பட்ட பிறகு, பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் அலுவலகங்களும் அடுக்ககங்களும் எழும்பின. கட்டடத்துக்கு முன்னுரிமை கிடைத்தது, குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பின்னால் வரட்டும் என்று விடப்பட்டன. பல அடுக்ககங்கள் இன்றும் தண்ணீர் லாரியை நம்பியிருக்கின்றன. நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைக் குடும்பங்களைத் தாழ்வான செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுவந்து குடியமர்த்தியதும் ஒரு முன்னுரிமை முடிவுதான். மழைக்காலத்தில் அங்கே போய்ப் பார்த்தால் அந்த முடிவின் சுமை யார் தலையில் விழுந்தது என்பது தெரியும்.

ஆகவே மண்டல வரைபடத்தோடு நிறுத்தாமல், உங்கள் ஊருக்குக் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் எந்த ஆண்டில், எந்தத் துறையின் நிதியில் வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

பதில் 3: செங்கல்பட்டு சிறுநில உரிமையாளர்

மேலே உள்ள இரண்டு பதில்களிலும் நில உரிமையாளரின் நிலை விடுபட்டுவிட்டது. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருப்பவருக்கு மகள் திருமணமோ மருத்துவச் செலவோ வந்தால் அந்த நிலம் மட்டுமே சொத்து. சுற்றிலும் நகரம் வளர்ந்துகொண்டிருக்கும்போது அவருடைய புல எண்ணை மட்டும் விவசாய மண்டலம் என்று வரைந்துவிட்டால், விவசாயம் காப்பாற்றப்படுவதில்லை; நிலம் அங்கீகாரமில்லாத மனைகளாகக் குறைந்த விலைக்குப் போகிறது, அவ்வளவுதான். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தபோது, பணம் கொடுத்து வாங்கிய எளிய குடும்பங்கள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2017-இல் அந்த மனைகளை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

தடையை மட்டும் முன்னுரிமையாக்கினால் அது மறுபடியும் நடக்கும். குஜராத்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பகுதியின் நிலங்களை எல்லாம் ஒன்றாகத் திரட்டி, சாலைக்கும் பூங்காவுக்கும் வேண்டிய பங்கை ஒவ்வொருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனையாகத் திருப்பித் தருகிறார்கள். அகமதாபாத்தின் வெளிவட்டச் சாலைக்கும் பெருமளவு நிலம் இப்படித்தான் கிடைத்தது. சுமை ஒருவர் மீது மட்டும் விழாமல் எல்லோர் மீதும் பரவுகிறது என்பதால் நான் இதை ஆதரிக்கிறேன். கால்வாய் ஓரத்து விவசாயி மட்டும் ஏன் இழக்க வேண்டும்?

திருவள்ளூர் வார்டு உறுப்பினர்

மூவருக்கும் மிக்க நன்றி. செங்கல்பட்டு நண்பர் கேட்ட கடைசிக் கேள்வி எங்கள் ஊரிலும் அப்படியே எழும். கால்வாய் ஓரத்தில் பட்டா வைத்திருப்பவர்களில் இருவர் மிகச் சிறிய விவசாயிகள். அந்த நிலத்தைப் பூங்கா என்றோ திறந்தவெளி என்றோ திட்டத்தில் ஒதுக்கச் சொல்லலாமா? அவர்களுக்கு நட்டஈடு கிடைக்குமா?

ஓய்வுபெற்ற நகரமைப்பு அலுவலர்

அம்மா, இதில் கவனம் தேவை. பொதுப் பயன்பாட்டுக்காகத் திட்டத்தில் ஒதுக்கிய பட்டா நிலத்தை மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால், நான் முதலில் சொன்ன 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி அது ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். பூங்கா என்றும் திட்டச் சாலை என்றும் வரைபடத்தில் பச்சையும் சிவப்பும் தீட்டிய எத்தனையோ இடங்கள், நிதி ஒதுக்காமலே காலம் கடந்து இப்படித்தான் கைவிட்டுப் போயின. நிலத்தை வாங்கப் பணம் இல்லாத ஒதுக்கீட்டால் அந்த இரு விவசாயிகளுக்கும் பயனில்லை, கால்வாய்க்கும் பயனில்லை.

அதற்குப் பதிலாக இரண்டு கோரிக்கைகளை வையுங்கள். கால்வாயின் இருபுறமும் குறிப்பிட்ட தூரத்துக்குக் கட்டுமானம் கூடாது என்பதை ஒதுக்கீடாகக் கேட்காமல், அந்தப் புல எண்களுக்கான விதியாகவே திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். விவசாயம் செய்ய அந்த விதி குறுக்கே நிற்காது. அடுத்து, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. மனை போடுபவர்கள் அதை எதற்கும் உதவாத மூலையில் காட்டுவது வழக்கம். உங்கள் ஊரில் அந்த நிலம் கால்வாயை ஒட்டியே அமைய வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். அப்படிச் செய்தால் தண்ணீருக்கான இடத்தின் பெரும்பகுதி, மனை விற்று லாபம் பார்ப்பவர்களிடமிருந்து வந்துவிடும்.

மனுவின் ஒரு படியை நீர்வளத் துறையின் செயற்பொறியாளருக்கும் தவறாமல் அனுப்புங்கள். தாழ்வான நிலங்களில் மனைப்பிரிவுக்குத் திட்ட அனுமதி தருவதற்கு முன், வெள்ள பாதிப்பு குறித்த தடையின்மைச் சான்று அந்தத் துறையிடமிருந்துதான் கேட்கப்படும்.