கேட்டில் நிற்பவர் முகம் தெரியவில்லை: வீடியோ டோர் ஃபோன் படம் மங்கல், இரவில் இன்னும் மோசம்

கேள்வி (காவேரிப்பட்டணம் பக்கம்)

வணக்கம். எங்கள் வீடு மாந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. கேட்டில் இருந்து வாசல் வரை 45 மீட்டர். நான் ஓசூரில் ஷிஃப்ட் வேலை. அம்மாவுக்கு 71 வயது, முட்டி வலி. மணி அடிக்கும்போதெல்லாம் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாமே என்றுதான் போன வருடம் வீடியோ டோர் ஃபோன் மாட்டினேன். 7 அங்குலத் திரை, 4 வயர் செட் (பவர், நெகட்டிவ், வீடியோ, ஆடியோ).

மாட்டின புதிதிலேயே படம் சுமார்தான். இப்போது பகலில் பார்த்தால் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஆள் நிற்கிற மாதிரி இருக்கிறது. இரவில் முகம் இருக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு. சில நேரம் திரையின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள் ஏறிக்கொண்டே இருக்கும், சில நேரம் அது இருக்காது.

போன வாரம் இரவு 8 மணிக்கு மணி அடித்திருக்கிறது. தம்பி மகன் என்று நினைத்து அம்மா திறந்துவிட்டார்கள். வந்தவர் முன்பின் தெரியாத ஆள், தோப்பைக் குத்தகைக்குக் கேட்டு வந்தாராம். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று முதல் இரவு ஷிஃப்ட் என்றாலே எனக்கு மனசு வீட்டில்தான் இருக்கிறது.

வாங்கின கடையில், "அந்த செட் அவ்வளவுதான், ஹெச்டி மாடல் வாங்கிக்குங்க" என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில் (பர்கூர்)

மாற்றுவதற்கு முன்னால் கேமரா முன்னால் இருக்கும் கண்ணாடியைப் பாருங்கள். எங்கள் பக்கம் கிரானைட் அறுக்கும் தூசி, மாதம் ஒரு தடவை துடைக்காவிட்டால் படமே வராது. இரவில் கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சம் (நம் கண்ணுக்குத் தெரியாதது) அந்தத் தூசியில் பட்டு அப்படியே லென்ஸுக்குள் திரும்பும். முகத்தில் வெள்ளைத் திட்டு விழுவது பெரும்பாலும் அதனால்தான். சிலந்திக்கு அந்த இடம் கதகதப்பாக இருக்கும், கூடு கட்டிவிடும். ஈரத் துணியால் தூசியை முதலில் ஊற வைத்து எடுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக் கீறிவிடும், அப்புறம் அந்தக் கீறலே மங்கலாகத் தெரியும்.

பதில் (பாலக்கோடு, வயர்மேன்)

செட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க தம்பி. ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். அடாப்டரை அணைத்துவிட்டு கேட்டில் இருக்கும் யூனிட்டைக் கழற்றுங்கள். எந்த வயர் எந்த ஸ்க்ரூவில் இருந்தது என்று கழற்றும் முன்பே ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பவர் வயரை வீடியோவில் மாற்றிக் கொடுத்தால் யூனிட் போய்விடும். வீட்டுக்குள் திரைக்குப் பக்கத்திலேயே ஒரு மீட்டர் வயரில் நாலையும் இணைத்து மணியை அழுத்துங்கள். அறை விளக்கை அணைத்து இன்னொரு தடவையும் பாருங்கள்.

படம் பளிச்சென்று வந்தால் குற்றம் வயரில். அப்போதும் மங்கல் என்றால்தான் கேமராவோ திரையோ. புது செட் வாங்கி, அதே பழைய வயரில் மாட்டி, அதே மங்கலையே பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

கோடு எந்த நேரத்தில் வருகிறது என்றும் குறித்து வையுங்கள். அந்த வயர் எந்தப் பைப்பில் போகிறது? மீட்டர் இருந்தால் கேட்டில் எத்தனை வோல்ட் வருகிறது என்றும் சொல்லுங்கள்.

கேட்டவர்

முதலில் துடைத்தேன். துணியில் சாந்து மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது, சிலந்திக் கூடும் இருந்தது. வெள்ளைத் திட்டு பாதி போய்விட்டது. பர்கூர் அண்ணனுக்கு நன்றி.

அப்புறம் யூனிட்டை வீட்டுக்குள் கொண்டு வந்து, அம்மாவை எதிரே நிற்க வைத்து அழுத்தினேன். மூக்குத்திக் கல் வரை தெரிகிறது! விளக்கை அணைத்தும் பார்த்தேன், கறுப்பு வெள்ளையில் முகம் தெளிவு.

வோல்ட்: திரைப் பக்கம் 12.1. கேட்டில் பகலில் 10.7. இருட்டிய பிறகு மணியை அழுத்தினால் 8.9.

கோடு வருவது மும்முனை கரன்ட் இருந்து போர் மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும். மோட்டார் வயர் போகும் பைப்பிலேயேதான் இதையும் விட்டிருக்கிறோம். தனியாகத் தோண்டும் கூலி மிச்சம் என்று அப்போது செய்தது.

பதில் (ஓசூர்)

அப்படியென்றால் தோண்ட வேண்டியதே இல்லை. கேட்டில் தனியாக ஒரு 12 வோல்ட் அடாப்டர் வைத்துவிடுங்கள், வோல்ட் பிரச்சினை தீர்ந்தது. இல்லையென்றால் வைஃபை மாடலுக்குப் போய்விடுங்கள், வயரே வேண்டாம்.

பதில் (பாலக்கோடு, வயர்மேன்)

அடாப்டர் யோசனை எனக்குச் சரிப்படவில்லை. மழையில் நனையும் கேட் தூணுக்கு 230 வோல்ட் கொண்டு போக வேண்டும். வீட்டில் இருந்து வரும் பவர் வயரைத் துண்டிக்க வேண்டும், ஆனால் நெகட்டிவ் மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படமே வராது. இவ்வளவு செய்தும் கோடு போகாது. வைஃபைக்கு வாசல் சுவரும் 45 மீட்டர் மாமரமும் குறுக்கே நிற்கின்றன.

தம்பி, உங்கள் 8.9-ஐப் பார்ப்போம். பகலில் கேமரா கொஞ்சம்தான் இழுக்கும். இருட்டினால் இன்ஃப்ராரெட் விளக்குகளும் சேர்ந்து இழுக்கும். போக 45, வர 45, ஆக 90 மீட்டர் மெல்லிய வயரில் அந்தக் கரன்ட் ஓடினால் வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால் 90 மீட்டருக்கு 8 ஓம் அளவுக்கு வரும். உங்கள் யூனிட் இரவில் 250 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால் 2 வோல்ட் குறைய வேண்டும். 3.2 குறைகிறதே! ஒன்று வயர் முழுச் செம்பு இல்லை, அல்லது நடுவில் கெட்ட ஜாயின்ட் இருக்கிறது. நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி மாதிரி தெரிந்தால் அது செம்பு பூசின அலுமினியம்.

படம் ஆவி படிந்த மாதிரி இருப்பதற்கு வேறு காரணம். கேமரா அனுப்புவது 1 வோல்ட் அளவுள்ள சிக்னல், 75 ஓம் கோ-ஆக்சியல் கேபிளுக்கென்று (டிவிக்கு வருமே, சுற்றிலும் கவசம் உள்ள கேபிள்) அமைந்தது. சாதாரண 4 கோர் வயரில் 20, 30 மீட்டர் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் முகத்தின் நுணுக்கமெல்லாம் வழியிலேயே தேய்ந்து போகும். அந்த வயருக்குக் கவசமும் கிடையாது, பக்கத்திலேயே மோட்டாரின் மூன்று ஃபேஸும் ஓடினால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறி, பட்டையாகத் தெரியும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. அந்தப் பைப்பில் மோட்டார் வயரின் தோல் எங்காவது உரசியோ எலி கடித்தோ விட்டுப் போனால், 415 வோல்ட் இந்த மெல்லிய வயர் வழியாக அம்மா கை வைக்கும் திரைக்கே வந்துவிடலாம். படம் கிடக்கட்டும், இதற்காகவே பிரித்தாக வேண்டும்.

தனிப் பைப் போடுங்கள், மோட்டார் பைப்பில் இருந்து ஓர் அடியாவது தள்ளி. குறுக்கே தாண்ட வேண்டிய இடத்தில் நேர் குறுக்காகத் தாண்டுங்கள். சிசிடிவிக்குப் போடும் 3+1 கேபிள் ஒன்று (மூன்று மெல்லிய கோரும் ஒரு கோ-ஆக்சியலும் சேர்ந்தது): அதன் கோ-ஆக்சியல் வீடியோவுக்கு, மெல்லிய கோர் ஒன்று ஆடியோவுக்கு. பவருக்கு மட்டும் தனியாக 1 சதுர மில்லிமீட்டர் 2 கோர் முழுச் செம்பு. 3+1-இன் பவர் கோர்கள் இந்தத் தூரத்துக்குப் போதாது. நடுவில் ஜாயின்ட் வேண்டாம்.

பதில் (அரூர்)

வேலை நடக்கும்போது இதையும் கவனியுங்கள் அண்ணா. எங்கள் வீட்டில் மாடிக்கு இரண்டாவது திரை வைத்தபோது, கீழே இருந்த வீடியோ வயரிலேயே ஒட்டுப் போட்டார்கள். இரண்டிலும் படம் இருண்டு போனது. ஒவ்வொரு திரைக்குள்ளும் வீடியோ வயரின் முடிவில் ஒரு 75 ஓம் ரெசிஸ்டர் உண்டு, ஒரே சிக்னலை அந்த இரண்டும் பங்கு போட்டுக்கொண்டது என்று அப்புறம்தான் தெரிந்தது. கடைசித் திரையில் மட்டும் அந்த 75 ஓம் இருக்கும்படி மாற்றியதும் சரியாகிவிட்டது.

கேட்டவர்

ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டோம். இரண்டு ஆள், ஒரு நாள் வேலை. எல்லாம் சேர்த்துப் புது செட் விலையில் பாதிகூட ஆகவில்லை.

வயர்மேன் அண்ணன் சொன்ன இரண்டுமே இருந்தன. பழைய வயரைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. தென்னை மரத்தடியில், மண்ணுக்குள்ளேயே ஒரு ஜாயின்ட். டேப்பைப் பிரித்தால் பச்சையாகக் களிம்பு ஏறிக் கிடந்தது, தொட்டதும் இரண்டு இழை உடைந்து கையோடு வந்துவிட்டது. இதை நம்பியா இத்தனை நாள் அம்மாவைத் தனியாக விட்டுப் போனேன் என்று கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது கேட்டில் இரவில் மணியை அழுத்தினாலும் 11.6 வோல்ட். மோட்டார் ஓடும்போதும் கோடு இல்லை. நேற்று இரவு தம்பி மகன் வந்தான். அம்மா திரையைப் பார்த்து, "முடி வெட்டிட்டியாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறந்தார்களாம்.

ஒன்று மட்டும் பாக்கி. மாலை 5 மணிக்கு மேல் வெயில் நேராகக் கேமராவில் அடிக்கிறது, வந்தவர் முகம் கறுப்பாகத் தெரிகிறது.

பதில் (பாலக்கோடு, வயர்மேன்)

கேட் மேற்குப் பார்த்ததா? யூனிட்டுக்கு மேலே நான்கு விரல் நீளத்துக்குத் தகடு ஒன்று வைத்து நிழல் கொடுங்கள், யூனிட்டையும் கொஞ்சம் வடக்கே திருப்புங்கள். திரை மெனுவில் பேக்லைட் (பின்னால் வெளிச்சம் அடித்தாலும் முகத்தைத் தெளிவாக்கும் வசதி) என்று ஏதாவது இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். பழைய வயரை அந்தப் பைப்பிலேயே விட்டிருந்தால் வீட்டுப் பக்க முனையைத் திரையில் இருந்து கழற்றியாகிவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்

மேற்குதான் அண்ணா. பழைய வயரை முழுக்க உருவி எடுத்துவிட்டோம். தகட்டுக்கு அளவு எடுத்துக்கொண்டேன், நாளைக்கு வாங்கி வருகிறேன்.