இறக்குமதிக் கம்பி: மில் சர்ட்டிபிகேட் போதுமா?

துவாஸ்_வேலு:
சீனாவிலிருந்து வரும் எச்16 கம்பி (கான்கிரீட்டுக்குள் வைக்கும் 16 மி.மீ. கம்பி), சிங்கப்பூர் ஜூரோங் பக்க ஆலைக் கம்பியைவிட மலிவு. ஆலை தரும் மில் சர்ட்டிபிகேட்டில் எஸ்எஸ் 560 (சிங்கப்பூரின் கம்பித் தரவிதி), பி500பி (அதிலுள்ள ஒரு ரகம்) என்றுதான் இருக்கிறது. பிறகு எதற்கு மறுசோதனை? தரவிதி இருவருக்கும் ஒன்றே எனும்போது உள்ளூர் ஆலைக்காரர்கள் ஏன் குறைப்படுகிறார்கள்? எச்-பீமும் (எச் வடிவ இரும்பு உத்திரம்) வாங்க வேண்டியிருக்கிறது, அதற்கும் சொல்லுங்கள்.

கம்பி_கணக்கு:
சர்ட்டிபிகேட் ஆலை தானே எழுதிக் கொடுப்பது. அதிலுள்ள ஹீட் நம்பரும் (ஒரு தடவை உருக்கிய எஃகின் எண்) கம்பிக் கட்டில் தொங்கும் டேக்கும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். டேக் இல்லாத கட்டை இறக்கவே விடாதீர்கள். வெட்டி வளைத்த பிறகு எது எந்த ஹீட் என்று எமனாலும் சொல்ல முடியாது.

அடுத்தது எடை. எச்16 மீட்டருக்கு 1.58 கிலோ, 12 மீட்டருக்கு 18.96. இந்த அளவுக் கம்பிக்கு 4.5 விழுக்காடு வரை கூடலாம், குறையலாம். அதாவது 18.1 கிலோ கம்பியும் பாஸ்தான். நிறுக்காமல், மீட்டருக்கு 1.58 என்ற கணக்கு எடையில் விற்கும் ஆலை கீழ் எல்லையை ஒட்டியே உருட்டினால் கம்பிக்கு 0.85 கிலோ இரும்பு மிச்சம். விதிப்படி தப்பில்லை, மலிவு விலையில் ஒரு பங்கு இங்கேதான் ஒளிந்திருக்கும். லாரியை எடைமேடையில் ஏற்றிவிட்டு டன் விலையை ஒப்பிடுங்கள்.

லேப் அறிக்கையில் இன்னொரு பொறி. பி500பிக்குரிய 500 மெகாபாஸ்கல் பலத்தைப் பெயரளவுப் பரப்பை வைத்துத்தான் கணக்கிட வேண்டும், எச்16க்கு 201 சதுர மி.மீ. நேரில் அளந்த பரப்பை வைத்து வகுத்தால் மெலிந்த கம்பி பலசாலியாகத் தெரியும்! பி500பிக்கு இழுவிசை விகிதம் (உச்ச பலத்தை, நெகிழத் தொடங்கும் பலத்தால் வகுத்தது) 1.08, உச்ச விசையில் நீட்சி 5 விழுக்காடு. இரண்டும் குறையக் கூடாது.

வெல்டிங்_ராசா:
பீமுக்கு வேதியியலைப் பாருங்கள். சீனாவில் அலாய் (கலப்பு) எஃகு ஏற்றுமதிக்கு வரித் தள்ளுபடி இருந்தது. 0.0008 விழுக்காடு போரான் சேர்த்தாலே சாதாரண எஃகு அலாய் ஆகிவிடும். அந்தத் தள்ளுபடியோடு வந்த விலையில், இங்கே மின்சாரக் கட்டணம் கட்டிப் பழைய இரும்பை உருக்குபவர் எப்படிப் போட்டி போடுவார்? இரும்புக்குச் சிங்கப்பூரில் சுங்கத் தீர்வையும் கிடையாது. 9 விழுக்காடு பொருள் சேவை வரி இருவருக்கும் பொது. தரவிதி ஒன்றுதான் வேலி.

2015 ஜனவரியில் போரானுக்குத் தள்ளுபடி நின்றது, பலர் குரோமியத்துக்குத் தாவினார்கள். வெல்டருக்கு இரண்டும் ஒன்றல்ல. பற்றவைப்பது எவ்வளவு சிரமம் என்று காட்டும் கார்பன் ஈக்குவலன்ட் சூத்திரத்தில் குரோமியம் ஐந்தால் வகுபட்டு வரும், 0.3 விழுக்காடு இருந்தால் 0.06 ஏறும். போரானுக்கு அதில் இடமே இல்லை. எண் நன்றாகத் தெரியும், பற்றவைத்த இடத்தை ஒட்டி இரும்பு இறுகி விரிசல் விடும். போரான் அளவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் பிசிஏவின் (சிங்கப்பூர் கட்டட, கட்டுமான ஆணையம்) பிசி1 வழிகாட்டி, பீம் போன்ற கட்டமைப்பு எஃகை வகுப்பு பிரிப்பது. தரவிதிக்குப் பொருந்தி, உற்பத்திக் கட்டுப்பாட்டுச் சான்றும் இருந்தால் வகுப்பு 1. சான்று இல்லாமல் சோதனையில் தேறினால் வகுப்பு 2, பலத்தை 1.1ஆல் வகுக்க வேண்டும், 355 மெகாபாஸ்கல் என்பது சுமார் 323 ஆகிவிடும். இரண்டும் இல்லையென்றால் வகுப்பு 3, வெறும் 170.

துவாஸ்_வேலு:
அப்போ மலிவு பீம் வகுப்பு 2 என்றால் கனமான பீம் போடணுமா?

வெல்டிங்_ராசா:
பெரும்பாலும். ஆர்டருக்கு முன்பே கியூபியிடம் (வடிவமைப்புக்குப் பொறுப்பான தகுதிபெற்ற பொறியாளர்) வகுப்பை எழுத்தில் வாங்கிவிடுங்கள். சரக்கு வந்து இறங்கிய பிறகு கேட்டால் வரைபடத்தையே மாற்ற வேண்டிவரும்.