கடுக்காய்த் துணியில் சயனோடைப்: கலம்காரியும் வெயில் அச்சும் ஒரே துணியில் சேருமா?

தூரிகைப்பை கேட்டது:

ஓவியப் படிப்பு இறுதியாண்டு வேலை. ஒரு மீட்டர் பருத்தி மல் துணியில் மூன்றைச் சேர்க்க வேண்டும்: கலம்காரிக் கோடு (கடுக்காய் ஏற்றிய துணியில் இரும்புக் கரைசலால் இழுக்கும் கருங்கோடு), இலைகளின் சயனோடைப் அச்சு (இரும்பு உப்புக் கரைசல் தடவி வெயிலில் காட்டி எடுக்கும் நீல அச்சு), அதன்மேல் கைத்தையல். துணிக்குக் கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றிக் காயவைத்தாயிற்று. அதில் சயனோடைப் கரைசலைத் தடவினால், வெயிலுக்குக் கொண்டுபோகும் முன்பே, மூடிய அறையிலேயே கருத்துவிடுகிறது. கடுக்காய் படாத சோதனைத் துண்டில் நல்ல நீலம் வந்தது. ஆனால் துணிசோப்பு போட்டு அலசியதும் பழுப்பு மஞ்சளாகிவிட்டது. எதை முதலில் செய்வது?

இரும்புமை:

இரண்டு கோளாறுக்கும் வேர் இரும்புதான். கலம்காரியில் வெல்லமும் இரும்புத் துண்டுகளும் புளித்த கரைசலைத் தொட்டுக் கோடு இழுத்ததும் எப்படிக் கருக்கிறது? கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்வதால். சயனோடைப் கரைசலில் உள்ள ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட்டும் இரும்பு உப்புதானே! துணி முழுக்கத் துவர்ப்பு ஏறியிருந்தால் தடவிய இடமெல்லாம் கோடு போட்ட மாதிரிதான் ஆகும். ஒளிக்கு அதில் வேலையே இல்லை.

சோப்பு விஷயம் வேறு. சயனோடைப்பின் நீலம் காரத்தைத் தாங்காது. சலவைச் சோடா, துணிசோப்பு, சோப்புத்தூள் எது பட்டாலும் நீலம் உடைந்து துருவின் நிறம் மிஞ்சும்.

ஆகவே முதலில் கடுக்காய் இல்லாத துணியில் வெயில் அச்சு. அலசிக் காயவைத்து ஒரு நாள் விட்டபின், கோடு வரவேண்டிய இடத்தில் மட்டும் கடுக்காய்ச் சாற்றைத் தூரிகையால் வையுங்கள். சாறு ஓடும், கருவேலம் பிசின் கரைத்துக் கூழ்ப்பதமாக்கிக்கொள்ளுங்கள். நீலத்துக்கும் கடுக்காய்க்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். கடுக்காய் பட்டால் நீலம் மங்கிக் கருமை தட்டும். அந்தக் கருநீலம் பிடித்திருந்தால் வேண்டுமென்றே செய்யலாம், ஆனால் முதலில் உள்ளங்கை அளவுத் துண்டில் பாருங்கள்.

வெயில்நேரம்:

மேலே சொன்ன வரிசை சரி. அச்சுக்கான அளவு இது. 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் பச்சை ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம். வேறொரு 100 மி.லி. நீரில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம். தனித்தனிப் பழுப்புப் பாட்டிலில் வையுங்கள். முதலாவதில் பூஞ்சை வந்தால் வடிகட்டினால் போதும். சமபாகம் கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். கைக்குட்டை அளவு மல்லுக்கு 20 மி.லி. தாராளம்.

புதுத்துணியின் கஞ்சி போக வேண்டும், இல்லையென்றால் திட்டுத் திட்டாக ஏறும். சோடா போட்டு வேகவைத்தால் நன்றாக அலசி, கடைசி நீரில் ஒரு மூடி வினிகர் விடுங்கள். மிச்சமிருக்கும் சோடா பின்னால் நீலத்தைத் தின்றுவிடும். மங்கலான மஞ்சள் பல்பின் கீழ் தடவி, இருட்டில் முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் இலை ஒட்டிக்கொண்டு விளிம்பு கசியும்.

இலையின்மேல் கண்ணாடியை அழுத்தி வையுங்கள். நம்மூர் உச்சி வெயிலில் 8 முதல் 15 நிமிடம். வெளியே தெரியும் பகுதி நீலமாக இருக்கும்போதே எடுத்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அலசும்போது பாதி போய்விடும். அது வெளிறிச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பும்வரை விடுங்கள். பிறகு மஞ்சள் நீர் நிற்கும்வரை பச்சைத்தண்ணீரில் அலசல். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதிலும் ஒரு மூடி வினிகர்.

ஃபெர்ரிசயனைடைச் சூடாக்கவோ கடும் அமிலத்தோடு சேர்க்கவோ கூடாது. நச்சு வாயு வரும். கையுறை கட்டாயம். சமையல் பாத்திரம் வேண்டாம்.

ஊசிமுனை:

தையல் கடைசியில்தான். ஒரு விதிவிலக்கு உண்டு, அழகானது: கரைசல் தடவும் முன்பே பாலியஸ்டர் நூலால் தைத்துவிட்டால், துணி நீலமாகும், நூல் ஏறக்குறைய வெள்ளையாகவே நிற்கும். பருத்தி நூல் துணியோடு சேர்ந்து நீலமாகிவிடும். வரைவது போலவே இதையும் யோசிக்கலாம்.

இஸ்திரி மிதமான சூட்டில், பின்பக்கம், மேலே ஒரு துணி போட்டு. பிற்பாடு துவைக்கப் பூந்திக்காய் நீர் போதும்.

தூரிகைப்பை:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். படிகாரம் வைத்து மஞ்சிட்டியில் (சிவப்புச் சாயம் தரும் வேர்) வேகவைக்கும் சிவப்பும் இதே துணியில் வேண்டும். நீலத்துக்குப் பிறகு வேகவைக்கலாமா?

இரும்புமை:

வேண்டாம். கொதிநீரிலும் அதன்பின் வரும் அலசல்களிலும் நீலம் தப்பாது. சிவப்பை முதலில் முடித்தாலோ, அந்தத் துணியில் தங்கிய கடுக்காய் அச்சைக் கெடுக்கும். சிவப்பை நூலில் கொண்டுவாருங்கள்: பருத்தி நூலுக்குக் கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி என்று தனியாகச் சாயமேற்றி, சாயம் விடுவது நிற்கும்வரை அலசி, உலர்ந்தபின் தையுங்கள். பெரிய சிவப்புப் பரப்புத்தான் வேண்டுமென்றால் அதைத் தனித்துணியில் செய்து, ஓரம் மடித்து ஒட்டுத்துணியாக வைத்துத் தைத்துவிடுங்கள்.