கலர் லென்ஸ் போடுபவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 5. போன மாதம் டாக்டரிடம் அளவு எடுத்து, தேன் நிறத்தில் பவர் வைத்த கலர் லென்ஸ் வாங்கினேன். பவர் மைனஸ் 4.75 என்று எழுதிக் கொடுத்ததும் தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்று பயந்தேன். தப்பில்லையாம். கண்ணாடி விழியை விட்டு 12 மி.மீ. அளவுக்குத் தள்ளி இருக்கிறது. லென்ஸ் கண்ணீர்ப் படலத்தின் மேலேயே உட்காருகிறது. அதனால் மைனஸ் கொஞ்சம் குறையும்.

பகலில் பார்வை பளிச். பிரச்சினை இரவில்தான். விளக்குகளைச் சுற்றிப் புகை வளையம் மாதிரி தெரிகிறது, ஓரங்கள் மங்குகின்றன. நடுவில் நிறம் பூசாத வட்டம் சின்னது, இருட்டில் கண்மணி விரியும்போது சாயம் பூசிய பகுதி குறுக்கே வருகிறது என்று நினைக்கிறேன். உங்களுக்கும் இப்படித்தானா? அல்லது லென்ஸின் வளைவு கண்ணுக்குப் பொருந்தாமல், இமைக்கும்போதெல்லாம் நகர்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னொன்று. நாலு மணி நேரத்தில் கண் காய்ந்து சிவக்கிறது. கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது, ஆக்சிஜனைப் பெரும்பாலும் நேரே காற்றிலிருந்துதான் எடுக்கிறது. ஆக்சிஜனை அதிகமாக உள்ளே விடும் சிலிகோன் ஹைட்ரோஜெல் வகை லென்ஸுக்கு மாறிய யாருக்காவது இது குறைந்ததா?

(குழாய்த் தண்ணீரில் கழுவிப் போடு என்று மட்டும் சொல்லாதீர்கள். தண்ணீரில் இருந்து கண்ணைத் தாக்கும் அகாந்தமீபா கிருமி பற்றித் தெரிந்த நாளிலிருந்து லென்ஸ் போட்டுக்கொண்டு முகம்கூடக் கழுவுவதில்லை!)

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறேன். அதுவரை லென்ஸ் டப்பாவில்தான். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும், சொல்லுங்கள்.